பழைய வெள்ளை ஷூவில் ஒரு வாணவேடிக்கை

போன வருடம் அக்கா மகளுக்கு நான் வரைந்து கொடுத்த ஷூ ஒரு மாலைப்பொழுதுகூடத் தாங்கவில்லை. பழைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. முன்பக்கம் முழுக்கச் சிவப்பு அடித்து, அதன்மேல் மஞ்சளில் பெரிய பூ ஒன்று போட்டிருந்தேன். மேசைமேல் இருந்தவரை கண்ணைப் பறித்தது. அவள் மாட்டிக்கொண்டு கூடத்தில் நாலு சுற்று ஆடினாள். அப்புறம் என்னிடம் வந்து காலைத் தூக்கிக் காட்டி, "சித்தி, பூ உரியுது" என்றாள். குனிந்து பார்த்தேன். விரல்கள் மடங்குகிற இடத்தில் பெயின்ட் வறண்ட ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. நகத்தால் லேசாகத் தட்டினேன், மஞ்சள் இதழ் ஒன்று முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

பெயின்ட்டின் மேல் குற்றமில்லை. காகிதத்தில் வரைகிற மாதிரி நான் ஷூவில் வரைந்துவிட்டேன். காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினால் சுவரில் சும்மா தொங்கும். ஷூவோ எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் மடிந்து நிமிரும். இந்த வருடம் அதை மனதில் வைத்து, வாணவேடிக்கை வரைந்து கொடுத்தேன். ஓட்டம், குதி, ஒரு மழை என்று எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் உரியவில்லை. அதை எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

முதல் வேலைக்குப் பெயின்ட்டே வேண்டாம். ஷூவைப் போடப்போகிறவரைக் கூப்பிட்டு மாட்டிவிடுங்கள். குழந்தை என்றால் இன்னும் காலுக்குச் சேர்கிறதா என்றும் இப்போதே தெரிந்துவிடும். பாதி வரைந்த பிறகு "விரல் இடிக்குது" என்று கேட்பது பெரிய சோகம். பிறகு நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். விரல்களுக்குப் பின்னால் குறுக்கே இரண்டு மூன்று சுருக்கங்கள் விழும். பென்சிலால் அந்தச் சுருக்கங்களின் இரு ஓரத்திலும் மிக லேசாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் அக்கா மகளின் ஷூவில் அந்தப் பட்டை இரண்டு விரல் அகலம் இருந்தது. அந்த இரண்டு விரல் அகலத்தில் கெட்டியாக எதையும் பூசக் கூடாது. மற்ற இடத்தில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

வாணவேடிக்கையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இதுதான். பெரிய பூ, பெரிய இதயம், பெரிய எழுத்து எல்லாம் நிறத்தை ஒரே பரப்பாக அடைத்துக்கொள்ளும். மடிப்பு அதன் நடுவே போனால் விரிசல் தெரியும். வாணவேடிக்கை என்பது கோடும் புள்ளியும்தான். கோட்டுக்குக் கோடு நடுவில் துணி துணியாகவே இருக்கும், அந்த இடைவெளியில் ஷூ பாட்டுக்கு மடிந்துகொள்ளும். ஒரு புள்ளி உதிர்ந்தாலும் யாருக்கும் தெரியாது. நட்சத்திரக் கூட்டம், சின்னச் சின்னப் பூக்கள், வண்ண பல்புச் சரம் இவற்றுக்கும் அதே குணம் உண்டு. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஷூ என்ற கேள்வி அடுத்தது. பருத்திக் கேன்வாஸ் இருந்தால் வேறு எதையும் தேடாதீர்கள். நூலிழைகள் பெயின்ட்டை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். தோல் ஷூவில் பளபளப்புப் பூச்சு ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்தால்தான் பெயின்ட் பிடிக்கும், பெயின்ட்டும் தோலுக்கென்றே விற்கிற வளையும் வகையாக இருக்க வேண்டும். செயற்கைத் தோலில் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள், மேற்பரப்பே பிசுபிசுவென்று கரைந்து வந்துவிடலாம். வலை வலையாக இருக்கும் ஓட்ட ஷூவை விட்டுவிடுங்கள். அதில் கோடே நிற்காது.

இனி கழுவும் கதை. பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான், நானும் அவசரப்பட்டிருக்கிறேன். பழைய ஷூவில் எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் ஏறியிருக்கும். அதன்மேல் பூசினால் பெயின்ட் பிசுக்கோடுதான் ஒட்டுமே தவிரத் துணியோடு ஒட்டாது. லேஸைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் மெத்தையையும் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சமாகச் சோப்புத்தூள் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ரப்பர் ஓரத்துக்குக் கொஞ்சம் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் கறை விடும். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் வேண்டாம், அது இழைகளின் மேல் வழுவழுப்பான படலம் ஒன்றை விட்டுவிடும்.

அலசுவதுதான் முக்கியம். சோப்பு மிச்சமிருந்தால் காயும்போது வெள்ளைத் துணியில் மஞ்சள் மஞ்சளாகத் திட்டுகள் வரும். சுத்தமாகத்தானே கழுவினோம் என்று நாம் முழிப்போம். தண்ணீரில் நுரை வருவது நிற்கும் வரை அலசுங்கள். பிறகு வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஷூவின் மேல் ஒட்ட ஒட்டச் சுற்றி நிழலில் காயவிடுங்கள். தண்ணீர் ஆவியாக ஆவியாக மிச்ச அழுக்கு வெளிப்பக்கம் வரும். அது துணியில் தங்காமல் காகிதத்துக்குப் போய்விடும். மறுநாள் காகிதத்தைப் பிரித்தால் அதில் வெளிர் மஞ்சளாக ஓரம் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். எனக்கு இந்த முழு வேலையிலும் மிகவும் பிடித்த கணம் அதுதான், ஏனென்று கேட்காதீர்கள்.

ஷூ காய்கிற நேரத்தில் பெயின்ட்டைப் பற்றிப் பேசிவிடலாம். அக்ரிலிக் பெயின்ட் என்பது தண்ணீரில் மிதக்கும் நிறத்தூளும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது. துணியில் கரையாமல் இருந்தால் மட்டும் போதாதே, வளையவும் வேண்டும். அதற்காகத்தான் ஃபேப்ரிக் மீடியம் என்று ஒரு பால்போன்ற திரவம் விற்கிறார்கள். இரண்டு பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு மீடியம் என்று நான் கலக்கிறேன். உங்கள் புட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதைக் கேளுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். நேரடியாக ஃபேப்ரிக் பெயின்ட்டே வாங்கினால் இந்தக் கலவை வேலை மிச்சம்.

மார்க்கர் பேனா சுலபம் என்று தோன்றும். ஆனால் ஸ்பிரிட் கலந்த சாதாரண மார்க்கரின் மை நூல் வழியே ஓடும். நீங்கள் இழுத்தது ஒரு கோடு என்றால் ஐந்து நிமிடத்தில் அது கம்பளிப்பூச்சி ஆகியிருக்கும். அக்ரிலிக் மை உள்ள பெயின்ட் மார்க்கர் அவ்வளவு ஓடாது, சின்னப் புள்ளிகளுக்கு நல்லது.

நான் எடுத்தது அடர்நீலம், வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, கொஞ்சம் தங்க நிறம். பிரஷ் இரண்டு போதும்: அரை விரல் அகலத்தில் தட்டையாக ஒன்று, நீள மயிர் கொண்ட மெல்லியது ஒன்று. இவை போக மாஸ்கிங் டேப், இயர் பட், தீக்குச்சி, இன்னொரு பழைய பல் பிரஷ். ஒரு ஜோடிக்குப் பெயின்ட் எவ்வளவு குறைவாகச் செலவாகிறது என்பது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். நீலத்தில் இரண்டு மேசைக்கரண்டி, மற்றதெல்லாம் கரண்டி நுனியளவு. பெரிய புட்டி வாங்கி ஏமாறாதீர்கள்.

காய்ந்த ஷூவுக்குள் பழைய துணியை இறுக்கி அடையுங்கள், கால் உள்ளே இருப்பதுபோல் விறைப்பாக நிற்க வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், ஈரம் பட்டால் அச்சு மை ஏறிவிடும். ரப்பர் ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். முன்னால் வளைவில் டேப் மடிந்து மடிந்து நிற்கும், அங்கே சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் சரியாக வரும். விரல் நகத்தால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். டேப் பொறுமையைச் சோதித்தால், பெட்ரோலியம் ஜெல்லியை இயர் பட்டால் ரப்பர்மேல் தடவிவிடலாம், அதில் படும் பெயின்ட்டைப் பிறகு துடைத்துவிடலாம். துணியில் மட்டும் பட்டுவிடக் கூடாது. பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது.

இப்போது வானம். வாணவேடிக்கைக்குப் பின்னால் இருட்டு வேண்டும், இருட்டு என்றால் முழு ஷூவும் நீலம், முழு ஷூவும் நீலம் என்றால் மறுபடியும் போன வருடக் கதைதானே என்று நானும் ஒரு நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பூசாமல் ஊறவைப்பதில் அதற்கு வழி கிடைத்தது. நீலத்தோடு மீடியத்தைச் சரிபாதி கலந்து, கொஞ்சம் தண்ணீரும் விட்டு, மோர் பதத்துக்கு நீர்க்க எடுத்துக்கொண்டேன். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி நீர்க்க வைத்தால் ஒட்டும் பொருள் குறைந்து நிறம் பொடியாகத் தேய்ந்துவிடும். நீர்க்க வைக்கிற வேலையில் பெரும்பங்கு மீடியத்துக்கே.

துணியைத் தண்ணீர் தெளித்து லேசாக ஈரமாக்கிவிட்டு, தட்டைப் பிரஷ்ஷால் கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கி இழுத்தேன். பிரஷ் துணியைத் தொட்டதுமே நீலம் இழைகளுக்குள் சரசரவென்று ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. முகத்துக்கு நேரே ஷூவைச் சாய்த்துப் பார்த்தால், மேலே பளபளப்பே இல்லை. குறுக்கிழை நெடுக்கிழை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. நமக்கு வேண்டியது அதுதான். இழைகளின் மேட்டுப்பள்ளம் பெயின்ட்டில் மூழ்கி வழவழவென்று தெரிந்தால் அதிகம் பூசிவிட்டீர்கள் என்று பொருள். உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டிய பகுதியில் இரண்டு முறை, மேலே போகப் போக ஒரே முறை, லேஸ் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் வெறும் சாயல் மட்டும். மடிப்புப் பட்டையிலும் ஒரே ஒரு முறைதான். இந்த ஏற்ற இறக்கத்தால் அந்திக்குப் பிந்திய வானம் மாதிரி தானாகவே ஒரு தோற்றம் வரும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே நன்றாகக் காயவிடுங்கள். தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தில் நிறம் வெளிறித் தெரிந்து பயமுறுத்தும். மீடியத்தின் பால் வெள்ளை காயக் காயத் தெளிந்துவிடும், நீலம் ஒரு படி அடர்த்தியாகும். அது தெரியாமல் முதல் தடவை நான் கருநீலத்தைக் கொட்டிக்கொட்டிக் கலந்து, காய்ந்த பிறகு பார்த்தால் கறுப்பு.

கடைசிப் பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே டேப்பை மெதுவாகச் சாய்த்து உரியுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு உரித்தால் ஓரத்தில் கூடவே பெயின்ட்டும் கிழிந்து வரும். பிறகு ஒரு இரவு தள்ளிவையுங்கள்.

வெடியை எங்கே வைப்பது என்பதை மறுநாள் நிதானமாகப் பார்க்கலாம். இரண்டு ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதிரே நின்று பாருங்கள். வலதும் இடதும் கண்ணாடிப் பிம்பங்கள். இதை நான் ஒருமுறை மறந்து இரண்டிலும் ஒரே பக்கத்தில் வரைந்தேன். ஒரு காலில் படம் வெளியே, இன்னொரு காலில் உள்ளே ஒளிந்துகொண்டது. நடக்கும்போது உள்பக்கங்கள் ஒன்றோடொன்று உரசும் என்பதால் ஒளிந்திருந்த அந்தப் படம்தான் முதலில் தேய்ந்தது. எண்ணெய்க் காகிதத்தில் ஒரு ஷூவுக்கு வரைந்து, அதையே திருப்பிப் போட்டு மற்றதற்கு எடுத்தால் சிக்கல் இல்லை. பெரிய வெடிகள் வெளிப்பக்கத்தில் குதிகால் பக்கமாக இருக்கட்டும், அந்த இடம் மடிவதே இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் நடுப்புள்ளியை வெள்ளைச் சாக்பீஸ் துண்டால் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் நீலத்தின்மேல் தெரியவும் தெரியாது, வெள்ளையோடு கலந்தால் சாம்பல் நிறக் கறையாகவும் ஆகும்.

மஞ்சளை நேராக நீலத்தின்மேல் வைக்காதீர்கள். மஞ்சள் பெயின்ட் பெரும்பாலும் கண்ணாடித் தன்மை உள்ளது, கீழே உள்ள நீலம் அதன் வழியே தெரிந்து பச்சையாகக் காட்டும். இளஞ்சிவப்பு கத்தரிப்பூ நிறமாகப் போகும். முதலில் எல்லாக் கோடுகளையும் வெள்ளையில் போட்டுவிட வேண்டும். அது காய்ந்தபின் அதன்மேல் மஞ்சள், இளஞ்சிவப்பு.

கோடு இழுப்பதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். மெல்லிய பிரஷ்ஷை நனைத்து, டப்பா ஓரத்தில் சுழற்றி நுனியைக் கூராக்கிக்கொள்ளுங்கள். நடுப்புள்ளியில் ஊன்றி வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டே கையைத் தூக்க வேண்டும். தொடக்கத்தில் தடிமனாக இருந்து முடிவில் இழையாகக் கரையும். கேன்வாஸின் மேட்டுப்பள்ளத்தால் பிரஷ் துள்ளும், கோடு விட்டுவிட்டு விழும். திரும்பப் போய் அடைக்காதீர்கள். உண்மையான வாணமும் அப்படித்தான் விட்டுவிட்டு மின்னும், நம் துணியே நமக்கு இலவசமாகத் தருகிறது. முதலில் மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு கோடுகள், பிறகு அவற்றின் நடுவில் நான்கு, பிறகு இடையிடையே குட்டையாகச் சில. மேல்கோடுகளைச் சற்றே வளைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் பொறி கீழே விழுகிற தோற்றம் வரும். கை நடுங்கினால் சுண்டுவிரலை ரப்பர் ஓரத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள். முன்னதாகப் பழைய துணித்துண்டில் பத்து வெடிகள் போட்டுப் பழகினால் பதினொன்றாவது நன்றாகவே வரும்.

கோட்டின் நுனிகளில் புள்ளி வைக்க பிரஷ் தேவையில்லை. தீக்குச்சியின் மருந்தில்லாத நுனியைப் பெயின்ட்டில் தொட்டு நிமிர்த்தி வைத்து எடுங்கள், வட்டமான புள்ளி விழும். ஒரு தடவை தொட்டு மூன்று நான்கு புள்ளி வைத்தால் அவை பெரிதிலிருந்து சின்னதாகத் தானாகவே குறைந்துகொண்டே போகும், அணையும் பொறி மாதிரி. தங்க நிறத்தை இதற்குத்தான் வைத்திருந்தேன். அதன் மினுக்கும் துகள்கள் அடியில் தங்கிவிடும், அவ்வப்போது கலக்கிவிட வேண்டும்.

மடிப்புப் பட்டைக்கும் முன்பக்கத்துக்கும் பல் பிரஷ். நீர்த்த வெள்ளையைத் தொட்டு, காகிதத்தில் இரண்டு முறை உதறிவிட்டு, கட்டைவிரலால் மயிரைப் பின்னோக்கி வருட வேண்டும். நுண்ணிய பொறிகள் பறக்கும். உதறாமல் செய்தால் பொறிக்குப் பதில் சொட்டு விழும், அதற்கு வாணவேடிக்கையில் இடம் கிடையாது. இந்த வேலையை அக்கா மகளிடம் கொடுத்தேன். ஷூவில் பாதி, அவள் மூக்கில் மீதி. மேலே பழைய சட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள், காய்ந்த அக்ரிலிக் உடுப்பை விட்டுப் போகாது. பிரஷ்ஷையும் தண்ணீர் டம்ளரில் போட்டே வையுங்கள், வெளியே காய்ந்தால் அப்புறம் அது குச்சிதான்.

ரப்பர் முனையில் எதுவும் வரையாதீர்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி. அங்கே பெயின்ட் ஒரு வாரத்தில் உதிரும்.

முடிந்ததும் ஒரு முழு நாள் காயவிட்டு, சூடு கொடுக்க வேண்டும். ஃபேப்ரிக் பெயின்ட்டும் மீடியமும் பெரும்பாலும் சூட்டில்தான் துணியோடு இறுகும். பக்கவாட்டில் இஸ்திரிப் பெட்டி எட்டும் இடங்களில் மெல்லிய பருத்தித் துணியை மேலே போட்டு, ஆவி இல்லாமல், நான்கைந்து நிமிடம் மெல்ல ஒற்றி ஒற்றி எடுங்கள். உள்ளே துணி அடைத்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் கிடைக்காது. எட்டாத இடங்களுக்கு ஹேர் டிரையர். ஒரே இடத்தில் பிடிக்காமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். அடிப்பாகத்தை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும் என்பதால் கீழ் ஓரத்தில் கொஞ்சம் தயவாக நடந்துகொள்ளுங்கள். தொட்டால் பொறுக்கமுடியாத சூடு என்றால் அளவு மீறிவிட்டது.

அதன் பிறகும் உடனே மாட்டிக்கொண்டு ஓடக் கூடாது. கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே இறுகுவதற்கு நாள் பிடிக்கும். நான் மூன்று நாள் அலமாரியின் மேல்தட்டில், குட்டிக் கைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். கழுவி முடித்த நாளையும் சேர்த்தால் மொத்தம் ஒரு வாரம் ஆகிறது. விழாவுக்கு முந்தின இரவு தொடங்கலாம் என்ற நினைப்பிருந்தால் விட்டுவிடுங்கள், லேஸை மட்டும் மாற்றிக் கொடுத்தாலும் குழந்தை சந்தோஷப்படும்.

லேஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. நானும் முதலில் லேஸுக்குத் தங்க நிறம் அடித்தேன், காய்ந்ததும் விறைத்துப்போய் முடிச்சே விழவில்லை. மஞ்சள் நிற லேஸ் ஒன்றை வாங்கிக் கோத்துவிட்டேன். மழைக்கு என்று மேட் பூச்சு ஸ்ப்ரே அடிப்பவர்கள் உண்டு. அடித்தால் திறந்த வெளியில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, லேசாக இரண்டு முறை அடியுங்கள். ஒரே தடவையில் நனைய நனைய அடித்தால் அதுவே ஒரு கெட்டிப் படலமாகி மடிப்பில் வெடிக்கும்.

அழுக்கானால் வாஷிங் மெஷினில் போடாமல், சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றித் துடைத்தால் போதும். இரண்டு மாதம் கழித்து மடிப்புப் பட்டையில் நீலம் சற்று வெளிறி, இழைகளின் முதுகு வெள்ளையாகத் தெரியத் தொடங்கியது. மீந்த நீலக் கலவையை ஒரு மருந்துப் புட்டியில் இறுக மூடி வைத்திருந்தேன். அதைத் தொட்டு விரலால் தேய்த்துவிட்டேன், சரியாகிவிட்டது. அக்கா மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, இதுல இன்னும் ரெண்டு வெடி வைக்கலாம், இடம் இருக்கு" என்று குதிகாலைக் காட்டினாள். இருந்தது, வைத்துக் கொடுத்தேன்.